வேப்பமரத்தடிக்குப் பறந்த சொல்

எங்கள் சாலேம்புரத்தில் போதகர் தெயோடர் பொன்னையாவின் வாயிலிருந்து ஒரு கிரேக்கச் சொல் சிறகு முளைத்துப் பறந்துபோன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரைக் கேட்டாலும், அன்றைக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம் என்றுதான் முதலில் சொல்வார்கள், அடுத்ததாகக் கரண்டு இல்லாமல் மின்விசிறி நின்றுபோய் வியர்த்துக் கொட்டியதைச் சொல்வார்கள், சொல் பறந்ததா என்று நீங்களாகக் கேட்டால் மட்டும், ஆமாம் பறந்தது, அதற்கென்ன என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

போதகர் பெங்களூரில் கிரேக்கம் படித்தவர். படித்த படிப்பு வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு பிரசங்கத்திலும் ஒரு கிரேக்கச் சொல்லை வைப்பார், சபையாரும் கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் வைக்கிற பச்சடியைப்போல அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். அன்றைய சொல் 'தெரப்பேயா'. பணிவிடை என்று அர்த்தம் என்றார். தெய்வத்துக்குச் செய்தால் ஆராதனை, நோயாளிக்குச் செய்தால் வைத்தியம், செய்கிறவர்கள் எல்லாரையும் ஒரு பெரிய வீட்டில் கூட்டி நிறுத்தினால் அந்த வேலையாட்கள் கூட்டத்துக்கும் அதுவே பெயர், இன்றைக்குப் பட்டணத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசுகிறார்களே தெரபி, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று அவர் சொல்லிக்கொண்டே போனபோது, முதல் வரிசையில் இருந்த பள்ளித் தாளாளர் சாமுவேல் தர்மராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போதகர் அவசரமாக இன்னொரு தரம் 'தெரப்பேயா' என்று சொல்லி முடிக்கப் பார்த்தார். அந்தத் தரம் சொல் காதுக்கு வரவில்லை. உதட்டிலிருந்து ஈசல்போலப் புறப்பட்டு, நின்றுபோன மின்விசிறியைச் சுற்றி, எங்கள் எல்லாருடைய தலைக்கு மேலும் ஒரு சுற்று வந்து, உட்கார ஒரு தலையும் தோதுப்படாமல் பக்கவாசல் வழியாக வெளியே போய், வேப்பமரத்தடியில் நூறு ஈசலாகப் பிரிந்து அங்கே இருந்தவர்கள்மேல் உட்கார்ந்தது.

வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எங்கள் வீட்டு வேலைக்காரர்கள். எஜமானியின் குடையையும் ஐயாவின் பாட்டுப் புத்தகத்தையும் அழுகிற பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குக் கூடவே வருவார்கள், வாசல்வரை வந்ததும் அவரவர் பொருளை அவரவரிடம் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். உள்ளே பாதி பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். உள்ளே வராதே என்று எவரும் அவர்களிடம் சொன்னதில்லை, சொல்லவேண்டிய அவசியமே வராத அளவுக்கு ஒழுங்கான ஊர் எங்களுடையது.

மறுநாள் காலையில் தாளாளர் வீட்டில் வேலைக்காரி செல்லக்கனி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தாளாளர் அதைக் குடித்துவிட்டு, பல வருஷமாக மடக்க முடியாத முழங்காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நேத்து மழை பெஞ்சதுல்லா, அதான் மூட்டுக்கு நல்லாருக்கு" என்றார். மழை எதுவும் பெய்யவில்லை. அவர் மனைவி ஹெப்சிபாய் அம்மாளுக்கு இளைப்பு நோய், நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவதுபோல மூச்சுவிடுகிறவள். செல்லக்கனி படுக்கையைத் தட்டி விரித்துக் கொடுத்த அன்று பூனைக்குட்டி எங்கோ போய்விட்டது, அம்மாள் பகலெல்லாம் அசந்து தூங்கினாள். மரக்கடைக்காரர் வீட்டில் டிரைவர் ஏசுவடியான் கார்க்கதவைத் திறந்துவிட்டதும் முதலாளியின் கண்புரை விலகியது. தலைமையாசிரியர் வீட்டில் துணி துவைக்கிறவள் அவருடைய வேட்டியைப் பிழிந்து உதறின உதறலில் அவருடைய மூலம் போயிற்று, அதை அவர் பெருந்தன்மையாகச் சபைக் கமிட்டியில் சாட்சியாகவே சொன்னார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. நமக்குச் சேரவேண்டியது நமக்குச் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டது. டாக்டர் கிளாட்வின் கொஞ்சநாள் காலியான வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்று மரத்தடியில் இருந்த சமையல்காரி ஒருத்தியைத் தன் வீட்டுக்கும் தேடிப் பிடித்துத் தன் சர்க்கரையைக் குணமாக்கிக்கொண்டார். பணிவிடை எவ்வளவு கூடுமோ அவ்வளவு ஆரோக்கியம் என்று தெரிந்துபோனதால் எல்லா வீட்டிலும் பணிவிடை கூடியது. ஒரு வேளை காப்பி கேட்டவர்கள் நாலு வேளை கேட்டார்கள், செருப்பைத் தாங்களே மாட்டிக்கொண்டவர்கள் காலை நீட்டினார்கள், கொட்டாவி விட்டால்கூட யாராவது எதிரே நின்று விசிறவேண்டும் என்றானது. வேலைக்காரர்கள் மெலிந்தார்கள், ஊர் பளபளத்தது.

ஆனாலும் எங்கள் ஊர் நன்றி கெட்ட ஊர் அல்ல. கமிட்டி கூடி, இனி அவர்களை வேலைக்காரர்கள் என்று சொல்லக் கூடாது, தெரபிஸ்டுகள் என்றுதான் சொல்லவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன்படி "ஏட்டி தெரபிஸ்டு, அந்த எச்சில் தட்ட எடு" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்து கமிட்டியின் கண் தம்ளர்கள்மேல் விழுந்தது. எங்கள் வீடுகளில் கொல்லைப்புறச் சுவரின் மாடத்தில் வேலைக்காரர்கள் குடிப்பதற்கென்று தனியாக ஒரு நசுங்கின அலுமினியத் தம்ளர் இருக்கும், வீட்டார் யாரும் அதைத் தொடமாட்டார்கள், அவர்களும் வீட்டுத் தம்ளரைத் தொடமாட்டார்கள். இப்பேர்ப்பட்ட கைகள் தொட்ட தம்ளர் மாடத்தில் கிடக்கலாமா என்று நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகையன்று எல்லாத் தம்ளர்களையும் கழுவித் துடைத்து, ஆலயத்துக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்தார்கள். அந்தத் தம்ளர்கள்தான் வேப்பமரத்தடியைத் தாண்டி ஆலயத்துக்குள் வந்த முதல் வேலைக்காரர்கள். தம்ளருக்குச் சொந்தக்காரர்கள் அதற்குப்பிறகு குழாயடியில் கையை ஏந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டார்கள், புனிதப் பொருளைப் புழங்கக் கூடாதல்லவா.

அந்தப் பண்டிகைக்கு அடுத்த வாரம்தான் செல்லக்கனிக்கு இருமல் வந்தது.

வறட்டு இருமலாக ஆரம்பித்துக் காய்ச்சலாகி, காய்ச்சல் எலும்புவரை இறங்கியது. அவள் வீட்டுக்காரன் உப்பளத்தில் வேலை செய்து செத்துப்போனவன், பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டு ஏசுவடியான் அவளுக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தான். ஊரையே குணமாக்குகிற கை அது, இவளையும் குணமாக்கும் என்றுதான் நினைத்தான். செல்லக்கனிக்கு இருமல் நிற்கவில்லை, ஆனால் அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில் மரக்கடை முதலாளிக்கு வழுக்கைத் தலையில் முடி முளைத்தது. துணி துவைக்கிறவள் வந்து செல்லக்கனிக்குக் கால் பிடித்துவிட்டாள், தலைமையாசிரியருக்குப் பல் ஆடுவது நின்றது. அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அந்தச் சொல் யார்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அவர்கள் எந்த வீட்டு ஆள் என்பதை அது மறப்பதே இல்லை. அவர்கள் யாருக்கு என்ன செய்தாலும், தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாலும், தாய்க்குக் கண்ணைத் துடைத்துவிட்டாலும், பலன் நேராக எஜமான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஒருத்தருக்கொருத்தர் குணமாக்கிக்கொள்ள அவர்களால் முடியாது.

கமிட்டிக்கு இது பரம திருப்தியாக இருந்தது. "அப்போ அவங்க வீட்டுக்குப் போயி சும்மா இருக்க நேரத்துலயும் நமக்கு நல்லதுதான் நடக்குது" என்றார் தாளாளர்.

ஆனால் ஹெப்சிபாய் அம்மாளுக்குத் திருப்தி இல்லை, பயம்தான் வந்தது. செல்லக்கனி வேலைக்கு வராமல் படுத்ததிலிருந்து அம்மாளின் நெஞ்சில் பூனைக்குட்டி மறுபடியும் முனக ஆரம்பித்திருந்தது. வேறு ஆள் வைத்துப் பார்த்தார்கள். வேப்பமரத்தடியில் அன்று இல்லாத புது ஆளுக்குச் சொல் இல்லை, சொல் இருக்கிற ஆட்களை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. செல்லக்கனி பிழைக்கவேண்டும் என்று ஹெப்சிபாய் அம்மாள் ஜெபித்தாள். செல்லக்கனிக்காக ஜெபித்தாள் என்று சொன்னால் அது பொய், தன் மூச்சுக்காகத்தான் ஜெபித்தாள். அவள் வற்புறுத்தியதால் கமிட்டி கூடியது. செல்லக்கனி ஊருக்கு வேண்டியவள், வீட்டு ஆட்களால் அவளைக் குணமாக்க முடியவில்லை, ஆகவே எஜமான்கள் பக்கமிருந்துதான் யாராவது போய் அவளுக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்று எல்லாரும் ஏகமனதாக ஒத்துக்கொண்டார்கள். யார் போவது என்று வந்தபோது, எல்லாரும் ஏகமனதாகத் தங்கள் வேலைக்காரர்களை அனுப்பிவைத்தார்கள்.

அந்த வாரம் செல்லக்கனியின் குடிசையில் நிற்க இடமில்லை. பதினைந்து வீட்டு ஆட்கள் முறைபோட்டு வந்து விசிறினார்கள், கஞ்சி வைத்தார்கள், பாய் விரித்தார்கள், தங்கள் வீடுகளில் வேலை அப்படியே கிடக்கிறதே என்று திரும்ப ஓடினார்கள். ஊரில் இரண்டு கிழவர்களுக்குப் புதுப் பல் முளைத்தது. செல்லக்கனிக்குப் பேச்சு குறைந்துபோயிற்று.

ஹெப்சிபாய் அம்மாள் போதகரைப் பார்க்கப் போனாள். "ஐயா, யாரு செஞ்சா அவளுக்குச் சொகமாகும்? உங்க கிரேக்கத்துல அதுக்கு ஒண்ணும் இல்லையா?"

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கு, அம்மா. அந்தச் சொல்லுக்கு ஒரு மூத்த உறவுச் சொல் உண்டு. ரொம்பப் பழைய பாட்டுகள்ல வரும். போருக்குப் போற வீரனுக்குப் பக்கத்துலயே நிக்கிறவனை அப்படிச் சொல்லுவாங்க. ஆயுதம் எடுத்துக் கொடுப்பான், சாப்பாடு பரிமாறுவான், அவனுக்காகச் சாகவும் செய்வான். ஆனா அடிமை இல்ல. கூட்டாளி. அவன் யாரு வீட்டுக் கணக்குலயும் வரமாட்டான்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். உங்க வீட்டு ஐயா கடிகாரத்தைப் பார்த்தாங்க."

ஹெப்சிபாய் அம்மாள் வீட்டுக்கு வந்து, கல்யாணமாகி வந்த நாளுக்குப்பிறகு முதன்முறையாகத் தன் சமையலறையில் தனியாக நின்றாள். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. திறந்த டப்பாவிலெல்லாம் வேறு ஏதோ இருந்தது. அடுப்பு பற்றவில்லை, பற்றியபோது அணைக்கத் தெரியவில்லை. உப்பைப் போட்டோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போட்டாள், மூடி வைத்துவிட்டு யோசித்து இன்னொரு தரமும் போட்டாள். தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டபிறகு, செல்லக்கனி எதில் குடிப்பாள் என்று கொல்லைப்புற மாடத்தைப் பார்த்தாள். மாடம் காலியாக இருந்தது. வீட்டில் வெள்ளித் தம்ளர் இருந்தது, எவர்சில்வர் தம்ளர்கள் அடுக்கி இருந்தன, அவற்றில் ஒன்றை எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. செல்லக்கனியின் தம்ளர்தான் செல்லக்கனிக்கு என்று அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஆகவே நட்ட நடுமத்தியானத்தில் ஆலயத்துக்குப் போய், மணியடிக்கிறவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, மெழுகுவத்திகளை ஓரமாக நகர்த்தி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நசுங்கின தம்ளரை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். செல்லக்கனியின் வீடு எங்கே என்று வழியில் மூன்று பேரிடம் கேட்கவேண்டியிருந்தது. இத்தனை வருஷமும் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு ஒருத்தி நடந்து வந்திருக்கிறாள், இங்கேயிருந்து அங்கே யாரும் போனதில்லை.

முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவில் ஓலைக் குடிசை. வெயில் தாழ்வாரத்தைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தது. செல்லக்கனி பாயில் கிடந்தவள், வாசலில் நிழல் தட்டியதும் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எதுக்கும்மா இந்த வெயில்ல வந்திய? ஒரு வார்த்த சொல்லிவிட்டா நானே வந்திருப்பேம்லா."

"படு, செல்லக்கனி. கஞ்சி கொண்டாந்திருக்கேன்."

"யாரு வச்சா?"

"நாந்தான்."

செல்லக்கனி சிரிக்கப் பார்த்தாள், அது இருமலாக வந்தது. ஹெப்சிபாய் அம்மாள் உட்கார நாற்காலியைத் தேடினாள். இல்லை. பட்டுப்பாவாடை கட்டின வயசுக்குப்பிறகு தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாதவள், சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி மண்தரையில் உட்கார்ந்தாள். தம்ளரில் கஞ்சியை ஊற்றி எட்டத்திலிருந்தே நீட்டினாள். செல்லக்கனியால் அதைப் பிடிக்க முடியாமல்போகவே, நகர்ந்து உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தானே வாயில் வைத்தாள். இப்படித் தூக்கியபோதுதான் அந்தத் தலை எவ்வளவு லேசாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தன் மூச்சு ஞாபகத்தில் இல்லை. இவள் செத்துப்போய்விடுவாள் என்கிற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

செல்லக்கனி ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கும்மா என்று வாங்கிக்கொண்டவள், இப்போது அப்படிச் சொல்லத் தெம்பு இல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"உப்பு கரிக்கும்மா."

"அப்படியா? கொஞ்சந்தானே போட்டேன்."

"குடிச்சித்தான் பாருங்களேன்."

ஹெப்சிபாய் அம்மாள் தம்ளரைப் பார்த்தாள். கைக்கெட்டிய இடத்தில் வேறு தம்ளர் இல்லை. அவள் தாயும் தாயைப் பெற்றவளும் மாமியாரும் ஒரு தடவைகூட உதட்டில் வைக்காத தம்ளர், செல்லக்கனியின் வாய் பட்ட ஈரம் விளிம்பில் இன்னும் காயாத தம்ளர், மெழுகுவத்தி ஏற்றிக் கும்பிடலாம், ஆனால் குடிக்கலாகாத தம்ளர். வைத்தியம் என்று நினைத்து அவள் குடிக்கவில்லை, தியாகம் என்று நினைத்தும் குடிக்கவில்லை. தான் வைத்த கஞ்சியை ஒருத்தி குறைசொல்லிவிட்டாளே என்கிற ரோஷத்தில் எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"எம்மா. கடல்தண்ணி மாதிரில்லா இருக்கு."

"அதைத்தானே நான் சொன்னேன்" என்றாள் செல்லக்கனி. இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரித்து முடித்தபோது செல்லக்கனி இருமவில்லை.

அன்று சாயங்காலம் ஊரிலுள்ள வேலைக்காரர்கள் எல்லார்மேலிருந்தும் ஈசல்கள் கிளம்பி, விளக்குகளைச் சுற்றிவிட்டுச் சிறகுகளை உதிர்த்துப்போட்டுப் போய்விட்டன. காலையில் எல்லா வீட்டு வாசலிலும் சிறகு குவிந்து கிடந்தது, வழக்கம்போல அவர்கள்தான் அதைக் கூட்டி அள்ளினார்கள். தாளாளரின் முழங்கால் சம்மணத்திலேயே இறுகிக்கொண்டு, நாலு பேர் பிடித்து நிமிர்த்தவேண்டியதாயிற்று. மரக்கடைக்காரருக்கு முடி கொட்டியது, தலைமையாசிரியர் நின்றபடியே பாடம் நடத்தினார், டாக்டர் கிளாட்வின் வராந்தாவைக் கழுவிவிட்டு நாற்காலிகளைத் திரும்பப் போட்டார். தெரபிஸ்டுகள் மறுபடியும் வேலைக்காரர்கள் ஆனார்கள், ஆனால் தம்ளர்களை மாடத்துக்குத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஏசுவடியான் ஒருநாள் ஆலயத்துக்குள் நுழைந்து தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டு, வந்ததுதான் வந்தோம் என்று காலி பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து ஆராதனை முடியும்வரை இருந்துவிட்டுப் போனான்.

செல்லக்கனி பிழைத்து எழுந்தாள், தாளாளர் வீட்டு வேலைக்கு மட்டும் திரும்ப வரவில்லை. ஹெப்சிபாய் அம்மாளின் நெஞ்சில் பூனைக்குட்டி பழையபடி கத்துகிறது. தினமும் மத்தியானம் தூக்குவாளியோடு உடைமரங்களுக்கு நடுவே போகிறாள், செல்லக்கனி அவளுக்கு முதுகில் தைலம் தேய்த்துவிடுகிறாள், இரண்டு பேரும் ஒரே தம்ளரில் மாற்றி மாற்றிக் குடிக்கிறார்கள். இளைப்பு தீரவில்லை, ஆனால் தைலம் தேய்த்தால் இதமாக இருக்கிறதாம். ஊருக்கு இதுதான் பொறுக்கவில்லை. சொல் பறந்ததையும் பல் முளைத்ததையும் ஒரு கேள்வி கேட்காமல் நம்பின எங்கள் கமிட்டி, ஒரு தம்ளரில் இரண்டு பேர் குடிப்பதை நம்ப முடியாமல் கூடிக் கூடிப் பேசி, அம்மாளுக்கு மனநிலை சரியில்லை என்று முடிவுக்கு வந்து, திருநெல்வேலியிலிருந்து நல்லதொரு தெரபிஸ்டை வரவழைத்தது. படித்து, சட்டையை இன் பண்ணி, பையோடு வந்த அசல் தெரபிஸ்டு.

அவர் ஹெப்சிபாய் அம்மாளின் எதிரில் உட்கார்ந்து, பொறுமையாக, "உங்க ரெண்டு பேர்ல யார் யாருக்கு வேலை செய்றீங்கம்மா?" என்று கேட்டார்.

அம்மாள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "அதை நாங்க கேட்டுக்கிடலியே, தம்பி. காப்பி குடிக்கியளா?" என்று எழுந்துபோய், டப்பாக்களைத் தேடாமல் எடுத்துக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டுத் தெரபிஸ்டு வெளியே வந்து, இது முற்றின நிலை, குணமாவது கஷ்டம் என்று கமிட்டியிடம் சொன்னார். கமிட்டி நிம்மதியாகக் கலைந்தது.

தாளாளர் மட்டும் நீட்டின காலோடு முன்னறையில் உட்கார்ந்து, "காப்பி" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார். அம்மாள் அதற்குள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். அவர் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைவரை போய், வாசலிலேயே நின்றார். காப்பித்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.